கத்தி வைக்கும் முன் ஆன்டிபயாடிக்: நேரத்தை மட்டும் திருத்தினால் காயத் தொற்று குறையுமா? ஆய்வை எப்படி அமைப்பது?

கேள்வி: வார்டு_மருந்தகம்

வணக்கம். அறுவைக்கு முன் கொடுக்கும் தடுப்பு ஆன்டிபயாடிக்கைச் சீர்படுத்த ஓர் ஆய்வு திட்டமிடுகிறோம். முதல் 3 மாதம் இப்போது நடப்பதை அப்படியே பதிவு செய்வோம். பிறகு தியேட்டர், வார்டு ஊழியர்களுக்கு வகுப்பு எடுத்து, சுவரில் ஓர் அட்டவணை ஒட்டுவோம். அடுத்த 3 மாதம் மறுபடி பதிவு. மாதம் சுமார் 100 அறுவைகள். பெரும்பாலும் வயிறும் எலும்பும்.

இப்போதைய வழக்கம்: காலையில் வார்டிலேயே எல்லோருக்கும் செஃபசோலின் 1 கிராம். அறுவை முடிந்தபின் 5 நாள் தொடர்ச்சி. பென்சிலின் அலர்ஜி என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தால் வான்கோமைசின்.

அளவிட நினைப்பது இரண்டு: கீறலுக்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் மருந்து பெற்றவர்கள் எத்தனை சதவீதம், காயத் தொற்று எத்தனை சதவீதம். இந்த 60 நிமிடத்தை எவ்வளவு கறாராக வைக்க வேண்டும்? 3+3 மாதம் போதுமா? வேறு எதையெல்லாம் குறித்துக்கொள்ளாவிட்டால் பின்னால் வருத்தப்படுவோம்?

---

பதில் 1: மயக்க_மேசை

60 நிமிடம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், எவ்வளவு கறாராக இருக்கலாம் என்பதும் விளங்கும். 1961இல் ஜான் பர்க் கினிப்பன்றிகளின் தோலுக்குள் ஸ்டாஃபிலோகாக்கஸைச் செலுத்தி, மருந்தை வெவ்வேறு நேரங்களில் கொடுத்துப் பார்த்தார். கிருமி போகும்போதே மருந்து திசுவில் இருந்தால் முழுப் பலன். 3 மணி நேரம் தாண்டிக் கொடுத்தால் கொடுக்காததற்குச் சமம். 1992இல் கிளாசன் குழு 2,847 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டது. கீறலுக்கு முந்தைய 2 மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் தொற்று 0.6%. அதைவிட முன்னதாகப் பெற்றவர்களில் 3.8%. கீறலுக்குப் பின் 3 மணி நேரத்துக்குள் என்றால் 1.4%, அதற்கும் பிந்தினால் 3.3%. அது கவனித்து எழுதிய ஆய்வு, குலுக்கல் முறை (யார் எந்தப் பிரிவு என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவுசெய்வது) அல்ல. ஆனால் திசை தெளிவானது: ரொம்ப முன்னால் கொடுப்பதும் பிந்திக் கொடுப்பதைப் போலவே கெடுதல்.

அந்த ஒரு மணி நேரத்துக்குள் எந்த நிமிடம் என்பதை 2017இல் சுவிட்சர்லாந்தில் குலுக்கல் முறையில் சோதித்தார்கள். 5,580 பேர், மருந்து செஃபுராக்சிம் என்ற ஆன்டிபயாடிக். ஒரு பிரிவுக்குக் கீறலுக்குச் சுமார் 42 நிமிடம் முன், மற்றொன்றுக்குச் சுமார் 16 நிமிடம் முன். தொற்று 4.9%, 5.1%. வித்தியாசமே இல்லை. ஆகவே 20 நிமிடமா 40 நிமிடமா என்று அலச வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2016 வழிகாட்டுதல் 120 நிமிடத்துக்குள் என்கிறது; அரை ஆயுள் (ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறைய எடுக்கும் நேரம்) குறைந்த மருந்தை கீறலுக்கு நெருக்கமாகக் கொடுக்கச் சொல்கிறது. செஃபசோலின் அந்த வகை, ஆகவே அதற்கு உங்கள் 60 நிமிடத்தையே வையுங்கள்.

இப்போது உங்கள் வழக்கத்துக்கு வருகிறேன். வார்டில் காலை 7 மணிக்கு எல்லோருக்கும் ஊசி போட்டால் முதல் கேஸுக்குச் சரி. மூன்றாவது கேஸுக்குக் கத்தி வைக்கும்போது மணி 12 ஆகியிருக்கும். செஃபசோலினின் அரை ஆயுள் சுமார் 2 மணி நேரம். அதாவது அந்த நோயாளியின் ரத்தத்தில் கால்பங்குகூட இருக்காது. இதை அட்டவணை ஒட்டித் திருத்த முடியாது. ஊசி போடும் வேலையை வார்டிலிருந்து எடுத்துத் தியேட்டருக்குள், மயக்க மருத்துவர் கைக்கு மாற்றுங்கள். வார்டு, மருந்தை நோயாளியோடு அனுப்பினால் போதும். நீங்கள் எவ்வளவு வகுப்பு எடுத்தாலும் இந்த ஒரு மாற்றம் செய்யும் வேலையை அது செய்யாது.

எப்போது போடுவது? அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலில் ஆன்டிபயாடிக் கேள்வி, கீறலுக்குச் சற்று முன் எல்லோரும் நின்று பேசும் கட்டத்தில் வருகிறது. அப்போதுதான் ஞாபகம் வந்தால், கத்தியும் ஊசியும் ஒன்றாக நடக்கும். கேள்வியை மயக்கம் கொடுப்பதற்கு முந்தைய கட்டத்திலும் சேருங்கள். மானிட்டர் மாட்டியபின், மயக்க மருந்துக்குச் சில நிமிடம் முன்னதாகக் கொடுப்பது நல்லது. பிரிட்டனின் தேசிய மயக்கவியல் ஆய்வு (2018) அறுவைநேரக் கடும் ஒவ்வாமைகளுக்கு ஆன்டிபயாடிக்கே முதல் காரணம் என்று கண்டது. தசைதளர்த்தி மருந்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டால் எது காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

டோஸைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கு 1 கிராம் பழைய கணக்கு. வழக்கமான டோஸ் 2 கிராம். எடை 120 கிலோ அல்லது அதற்கு மேல் என்றால் 3 கிராம். குழந்தைகளுக்குக் கிலோவுக்கு 30 மி.கி. 1 கிராம் குப்பிக்கு 10 மி.லி. கலக்குநீர், 3 முதல் 5 நிமிடத்தில் மெதுவாகச் செலுத்தலாம். 4 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுடோஸ். இந்த 4 மணி நேரம் முதல் ஊசியிலிருந்து எண்ணப்படுவது, கீறலிலிருந்து அல்ல. இதைத்தான் அதிகம் தவறவிடுவார்கள். ரத்த இழப்பு 1,500 மி.லி. தாண்டினாலும் மறுடோஸ். சிறுநீரகம் பழுதானவருக்கு மருந்து தானாகவே நீடிப்பதால் மறுடோஸ் வேண்டியிராது.

வான்கோமைசின் விஷயத்தில் உங்கள் அளவு தவறாக "பாஸ்" காட்டும். கிலோவுக்கு 15 மி.கி., 1 கிராமுக்குக் குறைந்தது 60 நிமிடம். வேகமாக ஏற்றினால் முகமும் கழுத்தும் சிவந்து ரத்த அழுத்தம் இறங்கும். கீறலுக்கு 20 நிமிடம் முன் சொட்டு ஆரம்பித்தாலும் "60 நிமிடத்துக்குள்" என்ற கட்டத்தில் டிக் விழும். ஆனால் கத்தி வைக்கும்போது மூன்றில் ஒரு பங்குதான் உள்ளே போயிருக்கும். ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம் இரண்டையும் குறியுங்கள். இந்த மருந்துக்கு மட்டும் 120 நிமிடச் சாளரம் வையுங்கள். எலும்பு கேஸ்களில் டூர்னிகே (ரத்த ஓட்டத்தை நிறுத்தக் கை காலில் கட்டும் காற்றுப்பட்டை) கட்டினால், காற்று ஏற்றுவதற்கு முன்பே மருந்து முழுதும் போயிருக்க வேண்டும். அங்கே கீறல் நேரத்தை வைத்துக் கணக்கிடுவது பொருந்தாது.

---

பதில் 2: எண்_கணக்கு

3+3 மாதம் பற்றி நேராகச் சொல்கிறேன்: காயத் தொற்றைப் பொறுத்தவரை இந்த ஆய்வால் எதையும் நிறுவ முடியாது.

தொற்று 10% என்று வைத்துக்கொள்வோம். 300 பேரில் 30 பேர். எதுவுமே மாறாவிட்டாலும் தற்செயலால் மட்டும் இந்த எண் 20 முதல் 40 வரை ஆடும். முதல் 3 மாதத்தில் 36, அடுத்த 3 மாதத்தில் 25 என்று வந்தால் "மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிட்டோம்" என்று போஸ்டர் போடத் தோன்றும். ஒன்றுமே நடக்காமலும் அந்த எண்கள் வரக்கூடும். தொற்று உண்மையிலேயே 10%இலிருந்து 7%க்கு இறங்கினாலும், பிரிவுக்கு 300 பேரை வைத்து அதைப் பிடிக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். 80% வாய்ப்பு வேண்டுமென்றால் பிரிவுக்குச் சுமார் 1,350 பேர். மாதம் 100 அறுவை என்றால் ஒவ்வொரு பக்கமும் ஒரு வருடத்துக்கு மேல். 8%இலிருந்து 4% என்று பாதியாகக் குறையும் என்று எதிர்பார்த்தாலும் பிரிவுக்கு 550 பேர் வேண்டும்.

மருந்து முறைப்படி போனதா என்று பார்க்கும் செயல்முறை அளவுக்கு இந்தச் சிக்கல் இல்லை. சரியான நேரத்தில் மருந்து பெற்றவர்கள் 60%இலிருந்து 90% ஆனால், பிரிவுக்கு 30 பேரிலேயே தெரிந்துவிடும். ஆகவே முதன்மை அளவாக மருந்து சரியாகப் போனதா என்பதை வையுங்கள். தொற்றை இரண்டாம் அளவாக, "தொடர்ந்து கண்காணிக்கிறோம்" என்ற அளவில் மட்டும் எழுதுங்கள். முதன்மை அளவையும் ஒற்றை நேரக் கேள்வியாக வைக்காதீர்கள். சரியான மருந்து, எடைக்கேற்ற டோஸ், சரியான நேரம், தேவைப்பட்டபோது மறுடோஸ், உரிய நேரத்தில் நிறுத்தம் ஆகிய ஐந்தும் ஒரே நோயாளிக்குச் சரியாக அமைந்தால்தான் 1. ஒன்று தப்பினாலும் 0. தனித்தனியாக ஒவ்வொன்றும் 90% இருந்தாலும், அவை ஒன்றையொன்று சாராமல் தப்பினால், ஐந்தும் சேர்ந்து அமைவது 59% பேருக்குத்தான். அதைப் பார்த்தால்தான் எங்கே ஓட்டை என்று புரியும்.

இரண்டு தொகுதிகளாக முன்/பின் ஒப்பிடுவதையும் விடுங்கள். 2 வாரத்துக்கு ஒரு புள்ளி வீதம் வரைபடத்தில் இடுங்கள். புள்ளிக்கு 30 கேஸ், வரிசையாகவோ குலுக்கலாகவோ. 60% சராசரி, 30 பேர் என்றால் கட்டுப்பாட்டு எல்லைகள் (தற்செயலால் மட்டும் புள்ளிகள் ஆடக்கூடிய வரம்பு) சுமார் 33% முதல் 87% வரை விரியும். எல்லைக்கு வெளியே ஒரு புள்ளி, அல்லது நடுக்கோட்டின் ஒரே பக்கம் தொடர்ந்து 8 புள்ளிகள் விழுந்தால் மாற்றம் உண்மை. மாற்றத்துக்கு முன்பே 12 புள்ளிகள் இருந்தால், ஏற்கனவே ஏறிக்கொண்டிருந்த போக்கை உங்கள் வகுப்பின் பலன் என்று நினைத்துவிட மாட்டீர்கள்.

முன்/பின் ஒப்பீட்டை ஏன் இவ்வளவு சந்தேகிக்கிறேன் என்பதற்கு மயக்க_மேசை சொன்ன அந்தச் சரிபார்ப்புப் பட்டியலே சாட்சி. 2009இல் 8 மருத்துவமனைகளில் முன்/பின் பார்த்தபோது இறப்பு 1.5%இலிருந்து 0.8% ஆனது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 101 மருத்துவமனைகளில் அதை அமல்படுத்தியபின், 2014இல் வெளியான ஆய்வில் 0.71%, 0.65%, தற்செயலைத் தாண்டிய வித்தியாசம் இல்லை. பட்டியல் பயனற்றது என்று இதற்குப் பொருள் சொல்ல மாட்டேன். காகிதம் நிரப்புவதும் நின்று பேசுவதும் வெவ்வேறு வேலை. நீங்கள் அளக்க வேண்டியது இரண்டாவதை.

நேரப் பதிவில் ஒரு பொறி. வார்டுக் கடிகாரம், தியேட்டர்ச் சுவர்க் கடிகாரம், மயக்க மானிட்டர் மூன்றும் ஒரே நேரம் காட்டாது. ஒன்றை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள், மானிட்டர் நல்லது. பதிவான நேரங்கள் எல்லாம் 0, 5 என்று முடிந்தால் பின்னால் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். ஆய்வு தொடங்குமுன் 20 பதிவுகளை எடுத்துக் கடைசி இலக்கத்தை எண்ணிப் பாருங்கள். அரை மணி நேர வேலை.

---

பதில் 3: தொற்றுத்தடுப்பு_செவிலி

எண்கணக்கு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். உங்கள் தொற்று 10% என்றே வைத்துக்கொண்டாலும், அது எப்படிக் கண்டுபிடித்த 10%? டிஸ்சார்ஜ் ஆகும் நாள்வரை மட்டும் பார்த்தால் பெரும்பகுதி கண்ணில் படாது. காயத் தொற்றுகளில் பல, ஆள் வீட்டுக்குப் போனபின்தான் வெளிவருகின்றன. அறுவைக்குப்பின் தங்கும் நாட்கள் 7இலிருந்து 4 ஆகக் குறைந்தாலே வார்டில் காணும் தொற்று குறையும். தொற்று குறைந்திருக்காது, பார்வை குறைந்திருக்கும்.

பின்தொடர்தல் 30 நாள். மூட்டு மாற்று போல உள்ளே பொருள் வைத்த அறுவைகளில் ஆழமான தொற்றுக்கு 90 நாள். 30ஆம் நாள் தொலைபேசியில் ஒரே வரிசையில், ஒரே சொற்களில் கேளுங்கள்: காயத்திலிருந்து சீழ் அல்லது நீர் வந்ததா, காயம் வாய் பிளந்ததா, காய்ச்சல், கூடும் வலி, சூடு, வீக்கம் இருந்ததா, யாராவது தையலைத் திறந்துவிட்டார்களா, காயத்துக்காக ஆன்டிபயாடிக் கொடுத்தார்களா, மறுபடி சேர்த்தார்களா. "ஆம்" என்ற ஒவ்வொருவரையும் நேரில் வரவழைக்க வேண்டும், குறைந்தபட்சம் காயத்தின் படத்தையாவது வாங்க வேண்டும். எடுக்காத அழைப்புகளை "தொற்று இல்லை" என்று சேர்த்துவிடாதீர்கள். அவை தனி நெடுவரிசை. முன்கட்டத்தில் 60% பேரையும் பின்கட்டத்தில் 90% பேரையும் பிடித்தால், தொற்று ஏறியதுபோலத் தோன்றும். முன்கட்டத்திலிருந்தே அழைப்பை ஆரம்பியுங்கள், இரு கட்டத்திலும் ஒரே ஆள் அழைக்கட்டும்.

வரையறையை எழுதி, இரண்டு பேர் தனித்தனியாக 20 கேஸ் ஷீட்டுகளைப் பார்த்துத் தீர்மானித்து ஒப்பிடுங்கள். மேலோட்டம், ஆழம், உறுப்பு அல்லது குழி என்று மூன்று நிலை. தையல் துளையில் மட்டும் வரும் சிறு சீழ் தொற்றில் சேராது. சிவப்பும் வீக்கமும் மட்டும் இருந்தாலும் சேராது. இந்த இரண்டில்தான் ஆளுக்கு ஆள் தீர்ப்பு மாறும். தீர்ப்பு சொல்பவருக்கு அந்த நோயாளி எந்தக் கட்டத்தைச் சேர்ந்தவர் என்று தெரியாமல் இருந்தால் மிக நல்லது.

ஏற்கனவே சீழ் பிடித்த வயிறு, குடல் ஓட்டை போன்ற அழுக்கு வகைக் காயங்களை நீக்கிவிடுங்கள். அங்கே கொடுப்பது தடுப்பு அல்ல, சிகிச்சை. டோஸ் கணக்கும் நாள் கணக்கும் வேறு. மற்றவர்களுக்கு உடல்நிலை வகுப்பு (மயக்கத்துக்கு முன் நோயாளியின் பொது உடல்நிலைக்குத் தரும் தரநிலை), காயத்தின் வகை, அறுவை நீடித்த நேரம், சர்க்கரை, எடை ஆகியவற்றைக் குறியுங்கள். பின்கட்டத்தில் எளிய கேஸ்கள் கூடியிருந்தால் இவைதான் காட்டிக்கொடுக்கும்.

---

வார்டு_மருந்தகம்

எல்லோருக்கும் நன்றி. முதன்மை அளவை ஐந்து கூறுகளாக மாற்றுகிறோம். ஊசியைத் தியேட்டருக்கு மாற்றுவது பற்றிப் பேசுகிறோம். 5 நாள் தொடர்ச்சியை நிறுத்தச் சொன்னால் அறுவை மருத்துவர்கள் ஏற்கத் தயங்குகிறார்கள். டிரெயின் (காயத்தில் சேரும் நீரை வெளியேற்றும் குழாய்) இருக்கும்வரை கொடுக்க வேண்டும் என்கிறார்கள். அலர்ஜி விஷயத்திலும் யாராவது சொல்ல முடியுமா?

---

பதில் 4: பொது_அறுவை

டிரெயின் வாதம் நிற்காது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2016 வழிகாட்டுதல் அறுவை முடிந்தபின் தடுப்பு மருந்தைத் தொடர வேண்டாம் என்கிறது, டிரெயினுக்காகத் தொடர்வதையும் தனியே குறிப்பிட்டு மறுக்கிறது. தையல் போட்டு மூடியபின் காயத்தின் ஓரங்கள் ஒட்டிக்கொள்கின்றன. மருந்து தேவைப்பட்ட நேரம் கத்தி வைத்ததிலிருந்து மூடும்வரை. குழாய் வழியே கிருமி ஏறும் என்றால், 5 நாள் மருந்து அந்தக் கிருமியைத் தடுக்காது. மருந்துக்கு அடங்காத கிருமியைத்தான் தேர்ந்தெடுத்து வளர்க்கும்.

தயங்கும் மருத்துவரிடம் "பலன் இல்லை" என்று மட்டும் சொன்னால் "கெடுதலும் இல்லையே" என்பார். கெடுதல் இருக்கிறது. 2019இல் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் 79,058 நோயாளிகளை ஆராய்ந்தார்கள். தடுப்பு மருந்தை நீட்டியதால் காயத் தொற்று குறையவில்லை. சிறுநீரகப் பாதிப்பும், குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற குடல் கிருமியால் வரும் வயிற்றுப்போக்கும் நாள் கூடக்கூட ஏறின. 72 மணி நேரத்தைத் தாண்டியவர்களில் சிறுநீரகப் பாதிப்புக்கான சாத்திய விகிதம் (பாதிப்பு வந்தவர்களை வராதவர்களால் வகுத்தது) 1.8 மடங்கு. உங்கள் ஆய்விலும் கிரியாட்டினினையும் (சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று காட்டும் ரத்த அளவு) வயிற்றுப்போக்கையும் பாதுகாப்பு அளவாக வையுங்கள். நிறுத்துவதால் யாருக்கும் தீங்கு வரவில்லை என்று உங்கள் எண்களே காட்டினால், வகுப்பு எடுப்பதைவிட அது வேகமாக மனத்தை மாற்றும்.

நடைமுறையில், அறுவைக்குப் பிந்தைய உத்தரவுத் தாளில் மருந்து தானாகத் தொடரும்படி இருந்தால் யாரும் நிறுத்த மாட்டார்கள். அந்த வரியை எடுத்துவிடுங்கள். தொடர வேண்டுமென்றால் காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று மாற்றுங்கள். எல்லோரும் ஒத்துவராவிட்டால் 24 மணி நேரத்தில் மருந்தகமே நிறுத்தும் ஏற்பாட்டோடு ஆரம்பிக்கலாம். 5 நாளிலிருந்து அதுவே பெரிய இறக்கம்.

அலர்ஜி. பென்சிலின் அலர்ஜி என்று பதிவானவர்களில் 10இல் 9 பேருக்குச் சோதித்தால் அலர்ஜி இருக்காது. சிறுவயதில் வந்த தடிப்பு, மருந்து சாப்பிட்டபோது வந்த வாந்தி எல்லாம் அந்தச் சொல்லுக்குள் போய்விடுகின்றன. 2018இல் வெளியான ஆய்வொன்றில் இந்தப் பதிவு உள்ளவர்களுக்குக் காயத் தொற்றுக்கான சாத்திய விகிதம் ஏறக்குறைய 50% கூடுதல். காரணம், செஃபசோலினுக்குப் பதில் வேறு மருந்து கொடுத்ததுதான். செஃபசோலினின் பக்கச் சங்கிலி (மூலக்கூறில் ஒவ்வாமையைத் தூண்டும் கிளைப்பகுதி) எந்தப் பென்சிலினோடும் பொருந்துவதில்லை, ஆகவே குறுக்கு ஒவ்வாமை மிக அரிது. "அலர்ஜி" என்ற ஒற்றைச் சொல்லை ஏற்காமல் எந்த மருந்து, எப்போது, என்ன ஆனது, எவ்வளவு நேரத்தில், என்ன சிகிச்சை என்று மருந்தகம் முந்தைய நாளே கேட்டு எழுதட்டும். தோல் உரிந்து கொப்புளம் வந்த கடும் வகை, உள்ளுறுப்புகளைத் தாக்கிய தாமத வகை, செஃபசோலினுக்கே வந்த ஒவ்வாமை இருந்தால் தொடக் கூடாது. மற்றவர்களில் பெரும்பாலோருக்குக் கொடுக்கலாம். உங்கள் ஐந்து கூறுகளில் "சரியான மருந்து" என்பது இங்கேதான் அதிகம் தவறும்.

ஒரு எச்சரிக்கை: ஆய்வு நடக்கும்போதே வேறு நல்ல காரியங்களும் நுழையும். சவரக் கத்தியை விட்டு முடிவெட்டும் இயந்திரத்துக்கு மாறுவார்கள், ஆல்கஹால் கலந்த தோல் மருந்து வரும், நோயாளியைச் சூடாக வைக்க ஆரம்பிப்பார்கள். 2022இல் ஏழு நாடுகளில் 13,301 வயிற்று அறுவைகளில், வயிற்றை மூடும் முன் கையுறைகளையும் கருவிகளையும் மாற்றியதில் தொற்று 18.9%இலிருந்து 16.0% ஆனது. நல்ல காரியம், யாரும் தள்ளிப்போட வேண்டாம். ஆனால் எது எந்தத் தேதியில் ஆரம்பித்தது என்று வரைபடத்தின் மேல் குறியிடுங்கள். குறியில்லாவிட்டால் எல்லாப் புகழும் ஊசியின் நேரத்துக்கே போய்விடும்.

---

மயக்க_மேசை

சூடு பற்றி ஒரு திருத்தம், அதையும் சேர்த்துவிடக் கூடும் என்பதால். 1996இல் 200 குடல் அறுவை நோயாளிகளில் உடல்வெப்பத்தைக் காத்தபோது தொற்று 19%க்குப் பதில் 6% என்று வந்தது. குளிர்ந்த பிரிவின் சராசரி 34.7 டிகிரி. 2022இல் 5,056 பேரில் 35.5 டிகிரியையும் 37 டிகிரியையும் ஒப்பிட்டார்கள், வித்தியாசம் இல்லை. ஆகவே 35.5க்குக் கீழே விடாதீர்கள், 37ஐத் துரத்த வேண்டாம்.

மறுடோஸுக்கு ஒரு சின்ன ஏற்பாடு: முதல் ஊசி போட்டவுடன் மயக்க மானிட்டரிலோ தனி டைமரிலோ 3 மணி 45 நிமிடம் வைத்துவிடுங்கள். வெள்ளைப் பலகையில் "அடுத்த டோஸ்" என்று மணியை எழுதுங்கள். கொடுத்த மணியை எழுதினால் கூட்டிப் பார்க்க அந்த நேரத்தில் யாருக்கும் கை ஓயாது.

---

எண்_கணக்கு

எத்திக்ஸ் கமிட்டியிடம் இப்போதே போங்கள். கேஸ் ஷீட் பார்ப்பது ஆடிட் என்று விட்டுவிடக்கூடும். 30ஆம் நாள் தொலைபேசி அழைப்பும் காயத்தின் படமும் நோயாளியின் ஒப்புதல் இல்லாமல் முடியாது. அந்த ஒப்புதலை வார்டில் சேர்க்கும்போதே, இரண்டாவது தொடர்பு எண்ணோடு சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.